அந்தப் பொத்தானை நோயாளியின் கையில் கொடுங்கள்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் சிறு மளிகைக் கடை நடத்துபவன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. கடன் வாங்காமல் உயிர் பிழைத்தேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

பைபாஸ் செய்யும்போது நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள் வலிதான் கடுமை. மூச்சை ஆழமாக இழுத்து, இருமிச் சளியை வெளியேற்ற வேண்டியதும் அதே நாட்களில்தான். தவறினால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரலாம். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை வாயில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். என்னால் ஒரு பந்தைக்கூட மேலே ஏற்ற முடியவில்லை. வலி விடவில்லை.

இரண்டாம் நாள் இரவு, தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தேன். "சிஸ்டர்" என்று கூப்பிட்டதும் ஓடி வந்தார். ஆனால் மருத்துவர் எழுதித் தர வேண்டும்; பூட்டிய அலமாரியைத் திறக்க வேண்டும்; பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஊசி போடுவதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. படுக்கைக்குப் படுக்கை ஓடிக்கொண்டிருந்த அவர்மேல் எனக்குக் குறையில்லை. குறை முறையில் இருக்கிறது.

செவிலியர் படிப்பு படிக்கும் என் மகள்தான் வேறு வழி இருப்பதைச் சொன்னாள். நோயாளியே வலிமருந்தை எடுத்துக்கொள்ள உதவும் பம்ப் 1970-களிலேயே வந்துவிட்டது. மருத்துவர் அளவைக் குறித்துப் பூட்டிவிடுவார். பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் 1 மில்லிகிராம் மார்ஃபின் ரத்தக் குழாயில் இறங்கும். அடுத்த 5 முதல் 10 நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சொட்டும் வராது. தூக்கம் அழுத்தினால் நோயாளியின் கை தானே ஓய்ந்துவிடும். பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. ஆகவே பாசத்தால்கூட உறவினர் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

மார்ஃபின் என்றாலே போதை என்று அஞ்சுகிறோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. மார்ஃபின் போன்றவற்றை அத்தியாவசிய மருந்துகளாக வகைப்படுத்தி, மருத்துவமனைகள் அவற்றைப் பெறும் வழியை எளிதாக்கினார்கள். சட்டமே வழிவிட்ட பிறகு நோயாளி ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்?

என் கோரிக்கைகள் இவை. இதய அறுவை சிகிச்சை நடக்கும் அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் தேவையான அளவு இந்த பம்ப் இருக்க வேண்டும். மூச்சு எண்ணிக்கையையும் மயக்க நிலையையும் இடைவிடாமல் கவனிக்கச் செவிலியர்களுக்குப் பயிற்சியும், அதற்குப் போதிய ஆட்களும் வேண்டும். மூச்சு மந்தமானால் கொடுக்கும் முறிவு மருந்தான நலாக்சோன் வார்டிலேயே இருக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் எளிய தமிழில் விளக்க வேண்டும். பம்ப் வரும் வரையாவது, நோயாளி கேட்கும் வரை காத்திராமல், வேளை தவறாமல் வலிமருந்து கொடுக்க வேண்டும்.

வலியைத் தணிப்பது சலுகை இல்லை, சிகிச்சையின் பாதி. என் இரவு கழிந்துவிட்டது. நாளை நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப்போகிறவரின் கையில் அந்தப் பொத்தானைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தால் உயிர் பிழைத்த ஒருவன்