போன் உங்களுடையது... கேம் யாருடையது?

பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பழைய போனை விற்கும் பையனைத் தடுக்க ஆளில்லை. அதில் காசு கட்டி வாங்கிய கேமை விற்க முடியுமா? முடியாது. கொடுத்த காசுக்குக் கிடைப்பது விளையாடும் உரிமம் மட்டுமே.

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. துப்பாக்கி 'ஸ்கின்', சட்டை, தொப்பி என்று வாங்கிக் குவித்ததெல்லாம் ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போனது. மறு வருஷம் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழிவிட்டார்கள். கம்பெனி மனசு வைத்ததால் கிடைத்தது அது!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 முதல், 'வாங்கு' என்று காட்டி விற்பவர் 'இது உரிமம்தான்' என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் அதைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியவர், ரீசார்ஜ் போட்டுக்கொடுக்கும் அப்பாதான். கட்டிய பணத்தில் தகராறு என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.