நகலிலும் நாணயம் வேண்டும்

உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றில் உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் குரலையும் கேட்கக்கூடிய காலம் இது. அப்படியிருக்க, எண்பது ஆண்டுகளுக்கு முந்திய வால்வு ரேடியோ ஒன்றை அதே அளவில், அதே உறுப்புகளைக் கொண்டு, மறுபடியும் செய்து பார்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இது என்ன வீண் வேலை என்று சிலர் கேட்கலாம். வீண் வேலை அல்ல. ஆனால் அது பயனுள்ள முயற்சியா, வெறும் பொம்மை விளையாட்டா என்பது, அதைச் செய்கிற முறையைப் பொறுத்தது.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மிகவும் விரும்பிச் செய்யும் நகல்களில் ஒன்று, 'பாராசெட்' என்ற சின்னஞ்சிறு சிற்றலைக் கருவியின் நகல். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில், பக்கிங்காம்ஷயரிலுள்ள வாடன் ஹால் என்ற மாளிகையில், பிரிட்டிஷ் உளவுத் துறையின் கம்பியில்லாத் தந்திப் பிரிவு இயங்கி வந்தது. காம்பியர்-பாரி என்பவர் அதன் தலைவர். அங்கே உருவானதுதான் 'மார்க் 7' என்ற இந்தக் கருவி. ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட நாடுகளில் பாராசூட் மூலம் இறக்கப்பட்டதால் பாராசெட் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கருவியில் இருப்பவை மூன்றே வால்வுகள். கேட்பதற்கு 6எஸ்கே7 என்ற வால்வு இரண்டு. அனுப்புவதற்கு 6வி6 என்ற வால்வு ஒன்று. இவை எங்கோ ரகசியமாகத் தயாரிக்கப்பட்ட அபூர்வப் பொருள்கள் அல்ல. அக்காலத்து வீட்டு ரேடியோக்களில் சர்வ சாதாரணமாக இருந்தவை. ஏறத்தாழ 3 முதல் 7.6 மெகாஹெர்ட்ஸ் வரை இது வேலை செய்யும். மோர்ஸ் தந்தி அடிக்கும் சாவியும் பெட்டியின் முகப்பிலேயே அமைந்திருக்கும். மூன்று வால்வுகளின் இழைகளையும் சூடாக்குவதற்கு மட்டும் சுமார் ஆறரை வாட் மின்சாரம் வேண்டும். ஏரியல் வழியாக வெளியே போவதோ சுமார் 5 வாட்தான். வீட்டில் எரிகிற சிறு இரவு விளக்கின் சக்தி அது. அதை நம்பி, கடல் கடந்து செய்தி அனுப்பினார்கள்!

இதில் கேட்கும் பகுதிதான் நகல் செய்கிறவருக்கு நல்ல பாடம். ஏரியலில் வந்து சேரும் அலை மிகமிக மெலிந்தது. முதல் வால்வு அதைச் சற்றுப் பெருக்குகிறது. பெருகியதில் ஒரு பகுதியை எடுத்து அதே வால்வுக்குள் மீண்டும் செலுத்தினால், அது மேலும் பெருகும். அமெரிக்காவில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர், கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1912-இல் கண்ட தந்திரம் இது. பல வால்வுகள் செய்யவேண்டிய வேலையை ஒரே வால்வு செய்துவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. திரும்பச் செலுத்துவது குறைந்தால் ஒன்றும் கேட்காது. கூடினால் கருவியே ஊளையிடத் தொடங்கிவிடும். மோர்ஸ் ஒலியைக் கேட்பதற்கு, அந்த எல்லைக்கோட்டை மயிரிழை மட்டும் தாண்டி நிறுத்தவேண்டும். அப்போது கருவியின் சொந்த அலையும் வெளியிலிருந்து வரும் அலையும் மோதிக் காதுக்கு எட்டும் ஒலியாகின்றன. இரண்டாவது வால்வு அதை ஹெட்போனுக்குப் போதுமான அளவு உயர்த்துகிறது.

எழுத்தில் படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தவருக்குத்தான் உண்மை விளங்கும். குமிழை ஒரு துளி திருப்பினாலும் நிலையம் ஓடிவிடும். ஏரியல் காற்றில் ஆடினால் ஒலியின் சுருதி மாறும். இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிற இத்தகைய ரிசீவர், கேட்கும்போதே தன் சொந்த அலையைச் சிறிது ஏரியல் வழியாக வெளியே கசியவும் விடும். எதிரிக்குத் தெரியாமல் கேட்பதற்காகச் செய்த பெட்டி, தன்னையே மெல்லக் காட்டிக்கொடுக்கக்கூடிய பெட்டியாகவும் இருந்தது!

இப்படிப்பட்ட கருவிகளோடு வாழ்ந்தவர்களின் நிலை என்ன? திசை கண்டுபிடிக்கும் கருவிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஜெர்மானியர் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். ஒரே இடத்திலிருந்து நெடுநேரம் தந்தி அடிப்பது உயிருக்கே ஆபத்து. திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான் என்ற பெண்மணி, 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டனிலிருந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். கம்பியில்லாத் தந்தி இயக்குவதற்காக அவ்வாறு அனுப்பப்பட்ட முதல் பெண் அவர்தாம். அவர் இயக்கியது பாராசெட் அல்ல, வேறு வகைக் கருவி; ஆனால் பட்ட பாடு ஒன்றுதான். உடனிருந்தவர்கள் பலர் பிடிபட்ட பின்னும் பாரிஸை விட்டு வர மறுத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். 1944 செப்டம்பர் 13-ஆம் தேதி டாஹவ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் மறைந்த பின், 1949-இல் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

நகல் செய்வதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அசல் கருவியைப் பார்த்தால் அதன் உருவம் தெரியும். அதன் கஷ்டம் தெரியாது. எஞ்சியிருக்கும் சில அசல் கருவிகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பதும் தகாது. பழைய கண்டென்சர்கள் உலர்ந்தும் கசிந்தும் போயிருக்கும். ஒரு நிமிஷ ஆசைக்காக வரலாற்றுப் பொருளையே கருக்கிவிட நேரும். அசல் பத்திரமாக ஓய்வெடுக்க, அதன் வேலையை நகல் செய்து காட்டட்டும். இதுவே நியாயமான ஏற்பாடு.

ஆனால் நகலிலும் நாணயம் வேண்டும். வெளியே பழைய பெட்டி, உள்ளே இக்காலத்து ஐ.சி.; சூடேறாத வால்வுக்குக் கீழே ஒரு சிறு வண்ண விளக்கு. இப்படிச் செய்து, 'பழைய ரேடியோ' என்று சொல்லிக்கொள்வது உண்டு. அலங்காரப் பொருள் என்று விற்றால் அதில் தவறில்லை. வரலாறு என்று சொன்னால் பொய். அந்தக் காலத்து மனிதர் எதோடு போராடினாரோ அந்தக் கஷ்டத்தை நீக்கிவிட்டு, அவர் பயன்படுத்திய பெட்டியின் உருவத்தை மட்டும் வைத்துக்கொள்வதால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருக்கிறது. நகலுக்கு வேண்டிய வால்வுக்காகவும் டயலுக்காகவும், பழுது பார்த்தால் பாடக்கூடிய பழைய ரேடியோவைப் பிய்த்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு வீட்டின் கூடத்தில் தலைமுறையாக இருந்த பெட்டி, இன்னொரு பெட்டியின் சாயலுக்காக அழிகிறது. இதற்கு அவசியமே இல்லை. 6வி6 வால்வு, கிதார் ஒலிபெருக்கிகளின் தயவால், இன்றும் புதிதாகவே தயாராகிறது. 6எஸ்கே7 பழைய கையிருப்பில் அகப்படுகிறது. காயிலைக் கையாலேயே சுற்றிக்கொள்ளலாம். சேஸிஸை அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். உண்மையான ஒன்றைக் கொன்று அதன் உடலில் நகலுக்கு உயிர் கொடுப்பது எந்த வகையிலும் நேர்மையாகாது.

அப்படியானால் எள்ளளவும் மாற்றக் கூடாதா? உயிரைக் காக்கும் மாற்றத்தைச் செய்தே தீரவேண்டும். வால்வுக் கருவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. பழைய சிறு ரிசீவர்கள் பலவற்றில், காதில் மாட்டும் ஹெட்போன் கம்பியிலேகூட உயர்ந்த அழுத்தம் இருந்தது. ஸ்விட்சை அணைத்த பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி நிற்கும். ஆகவே பியூஸ், சரியான டிரான்ஸ்ஃபார்மர், எர்த் இணைப்பு, தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடும் ஒரு ரெசிஸ்டர் ஆகியவற்றைச் சேர்ப்பதில் தயக்கம் கூடாது. யுத்த காலத்து அபாயத்தை நகல் எடுக்கவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. அனுப்பும் பகுதியை இயக்க அமெச்சூர் உரிமமும் கட்டாயம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர், கேட்கும் பகுதியை மட்டும் முதலில் செய்வது புத்திசாலித்தனம். அதையும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்வது அதைவிடப் புத்திசாலித்தனம்.

செய்த மாற்றங்களை மறைக்காமல் எழுதி வைக்கவேண்டும். பெட்டியின் அடியில், இது நகல், இன்ன ஆண்டில் செய்யப்பட்டது, இன்னின்ன உறுப்புகள் மாற்றப்பட்டுள்ளன என்று அழியாத மையில் குறித்துவிட்டால் போதும். செய்தவர் நாணயஸ்தராக இருக்கலாம். அவருக்குப் பின் அது யார் கைக்குப் போகும், என்ன பெயரில் விலையாகும் என்று யாரால் சொல்லமுடியும்? இரண்டு வரி எழுதாததால், ஒரு நல்ல கைவேலை நாளை ஒரு மோசடிக்குச் சாட்சியாக நிற்கக்கூடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த நகல் ஒன்றை மாணவன் ஒருவனிடம் கொடுத்துப் பார்க்கட்டும். வால்வு சூடேறும்வரை அவன் காத்திருக்கவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்பவேண்டும். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய மோர்ஸ் ஒலி ஒன்று எழுந்து, பிடிபடாமல் நழுவும்; மறுபடி தேடவேண்டும். வாசலில் ஒரு வண்டி நிற்கும் சத்தம் கேட்குமோ என்ற திகிலோடு இதையே இரவுதோறும் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை அந்த நேரத்தில் அவனுக்குச் சொன்னால் போதும். வேறு விளக்கம் தேவைப்படாது.