பத்து மில்லியன் டொலர் ஜேர்சியும் நம் பிள்ளைகளின் உழைப்பும்

வருமான வரிக் காலம் வந்தால் எங்கள் மேசைக்கு வரும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. முன்பு வீடு, கடை, வாடகை என்று கேட்பார்கள். இப்போது கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் வந்து, "அங்கிள், ஏலத்தில ஒரு ஜேர்சி வாங்கினனான். திருப்பி வித்ததில நட்டம். கணக்கில காட்டலாமோ?" என்கிறார்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். 2019 மே மாதம் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தபோது, ஸ்காபரோவில் நம் வீடுகளிலும் கூரை அதிரக் கத்தினார்கள். அடுத்த மாதமே ரொறன்ரோ ராப்டர்ஸ் வாகை சூடியது. அன்று பாடசாலை சென்ற பிள்ளைகள் இன்று சம்பளம் வாங்குகிறார்கள்.

அவர்கள் கால்வைக்கும் சந்தை சிறியதல்ல. 1998 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் அணிந்த ஜேர்சி, 2022 செப்டெம்பரில் சொத்பீஸ் ஏலத்தில் 10.1 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது. ஏலத்துக்கு முன் மதிப்பீடு 3 முதல் 5 மில்லியன் மட்டுமே. இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் சிக்காகோ புல்ஸ், யூட்டா ஜாஸிடம் 85க்கு 88 என்று தோற்றது. 2023 பெப்ரவரியில் கோபே பிரையன்ட் 2007–08 பருவத்தில் அணிந்த ஜேர்சி ஒன்று 5.8 மில்லியனுக்கு விற்றது. ஜோர்டன் ஆறு வாகைகளை உறுதிசெய்த ஆட்டங்களில் அணிந்த ஆறு ஒற்றைச் சப்பாத்துகள் 2024 இல் 8 மில்லியனைத் தொட்டன.

கணக்காளர் கண்ணால் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அதே அளவில், அதே துணியில் தைத்த புது ஜேர்சியைக் கடையில் சில நூறு டொலருக்கு வாங்கலாம். மீதிப் பணம் முழுவதும் ஒரு கேள்விக்கான பதிலுக்கே கொடுக்கப்படுகிறது: அந்த ஆள், அந்த நாளில், இதையேதான் அணிந்தாரா?

அதை நிறுவும் முக்கிய வழி படத்தோடு பொருத்திப் பார்ப்பது. ஜேர்சித் துணியில் சிறு துளைகள் உண்டு. எண்ணைத் தைக்கும்போது அதன் ஓரம் எந்தத் துளைமேல் விழுகிறது என்பது ஒவ்வொரு ஜேர்சிக்கும் வேறுபடும். ஆட்டத்தன்று எடுத்த தெளிவான படத்தில் அந்த இடத்தையும், இழுபட்ட நூலையும், கறையையும் ஒப்பிடுகிறார்கள். படம் பொருந்தினால் விலை பல மடங்கு. பொருந்தாவிட்டால் அது வெறும் கதை.

இங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். கடையில் 'ஓதென்ரிக்' என்று விற்பது வீரர்கள் அணியும் அதே வகைத் தையல் என்று மட்டுமே பொருள்படும். வீரருக்கென்று தைத்து அவர் ஒருநாளும் போடாத ஜேர்சியும் உண்டு. மைதானத்தில் அணிந்தது மூன்றாவது வகை. முதல் இரண்டையும் மூன்றாவதாக விற்பதுதான் பழைய மோசடி. சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எப்பிஐ 'புல்பென்' என்ற நடவடிக்கையில் பிடித்த போலிக் கையெழுத்துப் பொருள்களோடும் சான்றிதழ்கள் இருந்தன. விற்பவரே எழுதித் தரும் சான்றிதழைக் கணக்காய்வில் நாங்கள் சான்றாக ஏற்பதில்லை. விற்பனையில் நலன் இல்லாத மூன்றாமவர் சொல்ல வேண்டும்.

பொருள் உண்மையானது என்றாலும் விற்க உரிமை உள்ளவர் யார் என்ற கேள்வி உண்டு. 2013 இல் கோபே பிரையன்டின் தாயார், மகனின் பள்ளிக்கால ஜேர்சிகள் முதலியவற்றை ஏலத்துக்குக் கொடுத்தார். தமக்குத் தரப்பட்டவை என்று தாய் நின்றார், கொடுக்கவில்லை என்று மகன் நின்றார். விவகாரம் நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. வீட்டு மேல்தட்டில் கிடந்த பெட்டி ஒரு குடும்பத்தையே பிரித்தது.

இனிக் கணக்கு. ஏலத்தில் விழுந்த விலை 10,000 டொலர் என்றால், வாங்குபவர் கட்டணம் 20 வீதம் சேர்த்து 12,000 கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே 10,000க்கு விழுந்தால், விற்பவர் தரகு 10 வீதம் போக 9,000 கையில் வரும். விலை ஒரு சதமும் இறங்கவில்லை, ஆனால் 3,000 நட்டம்.

அந்த நட்டத்தை வரியில் கழிக்கலாமா? கனடாவில், சொந்த அனுபவத்துக்கு வைத்திருக்கும் பொருளை விற்று வரும் இலாபம் மூலதன இலாபமாக வரிக்கு உட்படும். நட்டம் கழிபடாது. ஓவியம், நகை, முத்திரை, நாணயம், அரிய நூல் போன்ற குறித்த சிலவற்றின் நட்டத்தை மட்டும் அதே வகை இலாபத்துக்கு எதிராகக் கழிக்கலாம். ஜேர்சி அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் விதி வேறு, அப்போது முழு இலாபமும் வியாபார வருமானம்.

பிள்ளைகளைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. பிடித்த வீரரின் பொருளை ஆசைக்கு வாங்கலாம், போனாலும் தாங்கக்கூடிய காசில். கடன் அட்டையில், 'முதலீடு' என்று சொல்லி வாங்க வேண்டாம். விற்றவர்களும் பலவிதம். கரீம் அப்துல்-ஜபார் 2019 இல் தம் வாகை மோதிரங்களையே ஏலத்தில் கொடுத்து, பணத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் தம் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்.

சான்றின் பெறுமதியை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அகதி விசாரணையில் நாம் சொன்னது உண்மை, ஆனால் கேட்டது கடதாசி. வீட்டோடு காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் போயிருந்தன. எங்களில் சிலரிடம் எஞ்சியது பாடசாலை விளையாட்டுக் குழுப் படம் ஒன்றுதான். பின்புறத்தில் யாரோ ஆண்டையும் பெயர்களையும் எழுதி வைத்திருந்ததால் அது உதவியது.

ஆகவே ஜேர்சி வாங்கும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஆட்டம்? எந்தப் படம்? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? பதிலைப் பற்றுச்சீட்டோடு கோப்பில் போடச் சொல்லுங்கள். அப்படியே அலுமாரியில் கிடக்கும் நம் பழைய படங்களையும் எடுத்து, பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பின்புறத்தில் எழுதி வையுங்கள்.