தூணை விற்காதீர்கள், பங்காளிகளே!

சித்திரையில் ஊருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். போன ஆண்டு வரை முகப்பும் வளவுமாக நின்ற வீடு இன்று செங்கல் குவியல். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, உத்திரம் எல்லாம் லாரியேறிவிட்டன. அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டதாகப் பேச்சு. அதைக் கேட்ட பிறகுதான் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் சிலர் கூடி இந்த வேண்டுகோளை விடுக்கிறார்கள்.

மழை, கறையான் என்று சாக்குச் சொல்ல அவர்கள் தயாராக இல்லை. ஆத்திரமெல்லாம் பங்காளிகள்மேல்தான். பாட்டனாரின் பாட்டனார் கட்டிய வீட்டில் இன்று இருபது, முப்பது பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஒழுகும் ஓட்டை மாற்ற ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்றால் பதிலே வராது. தூணுக்கு நல்ல விலை வந்திருக்கிறது என்றால் மட்டும் அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட நேரம் கிடைத்துவிடுகிறது!

சும்மா வந்த சொத்தா இது? 1850க்கும் 1940களுக்கும் இடையில், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற செட்டியார்கள் கட்டியவை இந்த வீடுகள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம். அவர்களிடம் வாங்கிய கடனைத் தீர்க்க முடியாதவர்களின் நிலம் சேர்ந்து 1938இல் அது 25 சதவீதமானது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் வட்டிக்கடையும் வயலும் கைவிட்டுப்போயின. மிஞ்சியது ஊரிலிருந்த வீடுதான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த அதன் சுவர்ப்பூச்சைத் திரும்பப் பூச இன்று எத்தனை கொத்தனார்களுக்குத் தெரியும்?

அரசின் கணக்கும் இருக்கிறது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2014இல் செட்டிநாட்டின் 11 ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, எதைப் பிரிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டியது அரசின் வேலை. பழுதுபார்க்கப் பணமில்லாதவர்களுக்கு உதவியும் வேண்டும். தடை மட்டும் போட்டால் வீடு தானாகவே விழும்.

பங்காளிகளிடம் ஊர்க்காரர்கள் கேட்பது அதைவிட எளிது. கானாடுகாத்தானில் சில வீடுகள் விடுதிகளாகி, தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்கின்றன. அது முடியாதென்றால் வாடகைக்கு விடுங்கள். விற்றே ஆகவேண்டுமானால் முழு வீடாக விற்றுவிடுங்கள். தூண் தூணாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எந்த வாசலில் வந்து நிற்கப்போகிறீர்கள்?

நகரத்தில் புது வீட்டுக்குப் பழைய தூண் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலை கேட்கும்போது, அது எந்த ஊரில், எந்த வீட்டில் நின்ற தூண் என்பதையும் கேளுங்கள்.