காதுக்கு இமை இல்லை!



கண்ணில் தூசி விழப் போகிறது என்றால் இமை சட்டென்று மூடிக் கொள்கிறது. கெட்ட வாடை வந்தால் மூக்கைப் பிடித்துக் கொள்கிறோம். காதுக்கு மட்டும் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. நாம் தூங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. அதற்கு இமையாக நாம்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

வெளியே தெரிகிற காது மடல் ஒலியைச் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. காதுக் குழாயின் முடிவில் செவிப்பறை இருக்கிறது. ஒலி பட்டதும் அது மத்தளத்தின் தோல்போல அதிரும். அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடிதான். நீளம் சுமார் 3 மில்லி மீட்டர். பாதி அரிசி அளவு! இந்த மூன்றும் அதிர்வை வலுவாக்கி உள்காதுக்குத் தள்ளுகின்றன.

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. பெயர் காக்ளியா. அதற்குள் திரவமும், வரிசை வரிசையாகச் சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்களும் இருக்கின்றன. அதிர்வு வந்ததும் திரவம் அலையடிக்கும். காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல, செல்களின் மேலுள்ள நுண்மயிர்கள் சாயும். உடனே மின் குறிப்புகள் உண்டாகி, நரம்பு வழியாக மூளைக்குப் போகும். 'அம்மா கூப்பிடுகிறாள்' என்று நமக்குத் தெரிவது அப்போதுதான்.

இளங்காற்றுக்குச் சாய்ந்த பயிர் நிமிர்ந்துவிடும். புயலில் ஒடிந்த பயிர்? அதுபோலத்தான் பெரும் சத்தத்தில் மயிர்ச் செல்கள் அழிகின்றன. கோழிக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைத்துவிடும். மனிதனுக்கு முளைக்காது! பிறக்கும்போது இருப்பவைதான் கடைசிவரை. காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தருமே தவிர, போன செல்லைத் திருப்பித் தராது.

நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். இயர்போனில் பாட்டுக் கேட்கும் குழந்தைகளுக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்!

"எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது?" என்று கேட்பீர்கள். செல்கள் பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை, வலியும் தெரிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். விழாவுக்குப் போய் வந்த பிறகு காதில் 'ஙொய்' என்று இரைகிறதா? அது காது கொடுக்கும் எச்சரிக்கை.

"சத்தம் இருந்தால்தான் விழா களை கட்டும்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு என்ன களை வேண்டிக் கிடக்கிறது? அங்கிருந்து எழுந்து தள்ளிப் போய் உட்காருங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. இயர்போனில் ஒலியைப் பாதி அளவில் வையுங்கள், நடுநடுவே கழற்றி ஓய்வு கொடுங்கள். வெடிச் சத்தம் கேட்டால் வெட்கப்படாமல் காதைப் பொத்திக் கொள்ளுங்கள்.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே எழுதி வைத்திருக்கிறார். நல்லதைக் கேட்க முதலில் காது வேண்டுமே! உங்கள் காதுக்கு நீங்கள் இமையாக இருப்பீர்கள்தானே?