ஏறு படியா, இறங்கு படியா?

மின் சிகரெட் என்று ஒரு பொருள் உலகம் எங்கும் பரவி இருக்கிறது. "வேப்" என்று இளைஞர்கள் இதைச் சொல்லுகிறார்கள்.

சில, பேனாவைப் போல இருக்கும். சில, தீப்பெட்டி அளவில் இருக்கும். தீக்குச்சி வேண்டாம். சாம்பல் விழாது. வாயில் வைத்து இழுத்தால் வெள்ளையாகப் புகை போல வரும்.

இதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன.

முதன் முதலாக வாங்குகிறவர் எதை வாங்குவது? அதை விட்டு உயர்ந்த கருவிக்கு எப்போது மாறுவது?

கடைக்காரர் ஒரு பதில் சொல்லுவார். மருத்துவர் வேறு பதில் சொல்லுவார். குடும்பம் நடத்துகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் என்றால், இது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். தடை இருந்தும் திருட்டுத்தனமாக விற்கப்படுகிறது. அதை வாங்குகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு பாட்டரி. ஒரு சின்னக் கம்பிச் சுருள். கொஞ்சம் பஞ்சு. கொஞ்சம் திரவம். இவ்வளவுதான்.

பஞ்சு, திரவத்தை உறிஞ்சும். பாட்டரியின் மின்சாரம் கம்பியைச் சூடாக்கும். திரவம் ஆவியாகும். அதைத்தான் இழுக்கிறார்கள்.

திரவத்தில் கிளிசரின் உண்டு. வாசனைப் பொருள் உண்டு. பெரும்பாலானவற்றில் நிகோட்டினும் உண்டு. புகையிலையில் இருந்துகொண்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளுகிறதே, அதே நிகோட்டின்தான்.

பீடியும் சிகரெட்டும் எரிகின்றன. எரிவதால் தார் உண்டாகிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. மின் சிகரெட்டில் எதுவும் எரிவது இல்லை. ஆகவே, சிகரெட்டைவிட இதில் கேடு குறைவு என்று இங்கிலாந்து மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

கேடு குறைவு என்றால் கேடே இல்லை என்று பொருள் அல்ல. இதை மறக்கக் கூடாது.

யார் கண்டுபிடித்தது?

ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1965-ம் ஆண்டிலேயே புகையிலை இல்லாத சிகரெட் ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதை யாரும் பெரிய அளவில் செய்து விற்கவில்லை.

இப்போது உள்ள மின் சிகரெட்டைச் செய்தவர் சீன நாட்டு மருந்தாளர் ஹோன் லிக். ஆண்டு 2003. அவரும் சிகரெட் பிடிப்பவர்தான். சிகரெட்டுக்கு மாற்றாகவே அவர் இதைச் செய்தார்.

இங்கிலாந்தில் என்ன சொல்லுகிறார்கள்?

இங்கிலாந்தில் இது சட்டப்படி விற்கப்படும் பொருள். சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது அந்த அரசாங்கத்தின் கொள்கை. 10 லட்சம் பேருக்கு மின் சிகரெட் கொடுத்து, சிகரெட்டை விடச் செய்யும் திட்டம் ஒன்றை 2023-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஆனால், கண்டபடி விற்க முடியாது. ஒரு மில்லி லிட்டரில் 20 மில்லி கிராமுக்கு மேல் நிகோட்டின் இருக்கக் கூடாது. கருவியின் தொட்டியில் 2 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கொள்ளக் கூடாது. 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. தீர்ந்ததும் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் 1-ந் தேதி முதல் அடியோடு தடை செய்துவிட்டார்கள்.

அங்கே முதன் முதலாக வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

அவர் முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். "நான் சிகரெட் பிடிக்கிறவனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "இல்லை" என்றால் அதோடு சரி. எந்தக் கருவியும் அவருக்கு வேண்டாம். இதுதான் அந்த நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரையும்.

"ஆம்" என்றால், நாள் ஒன்றுக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். 20 சிகரெட் பிடிக்கிறவருக்கு நிகோட்டின் அதிகம் உள்ள திரவம் தேவைப்படும். நாலு ஐந்து பிடிக்கிறவருக்குக் குறைவானது போதும்.

இதில் ஒரு தவறு நடப்பது உண்டு. "குறைவாக இருப்பதுதானே நல்லது?" என்று நினைத்து, நிறையப் பிடிக்கிறவர் மிகக் குறைந்ததை வாங்குவார். அது ஆசையை அடக்காது. இழுத்துக்கொண்டே இருப்பார். இரண்டு நாளில் மறுபடியும் சிகரெட்டைத் தேடுவார். பிறகு கையில் இரண்டும் இருக்கும்.

கருவி எளிதாக இருக்க வேண்டும். பொத்தானும் விளக்கும் நிறைந்த பெரிய கருவி, புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டாம். திரவம் நிரப்பத் தெரிய வேண்டும். கம்பிச் சுருளை மாற்றத் தெரிய வேண்டும். கருகிய நாற்றம் வந்தால் சுருள் தீர்ந்துவிட்டது என்று அறிய வேண்டும்.

பாட்டரியில் கவனம் வேண்டும். அதற்கு உரிய மின் ஏற்றியையே உபயோகிக்க வேண்டும். தனிப் பாட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போட்டால் தீப்பிடிக்கும்.

திரவத்தைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. பழ வாசனையை நம்பிக் குழந்தை குடித்துவிட்டால், அது விஷம்.

எப்போது மாறுவது?

இங்கேதான் கடைக்காரரும் மருத்துவரும் பிரிகிறார்கள்.

கடைக்காரர் சொல்லும் படி, ஏறு படி. "இது பழைய மாதிரி. புதிய மாதிரி வந்திருக்கிறது. புகை நிறைய வரும். நிறம் அழகு. மாம்பழ வாசனை, புதினா வாசனை எல்லாம் உண்டு" என்பார்.

மருத்துவர் சொல்லும் படி, இறங்கு படி. 20 மில்லி கிராமில் தொடங்கியவர் 10-க்கு வரவேண்டும். பிறகு 6. பிறகு 3. கடைசியில் ஒன்றும் இல்லை. கருவியையும் கீழே வைத்துவிட வேண்டும்.

கருவியை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. முதல் கருவி போதாமல், மனம் மறுபடியும் சிகரெட்டுக்கு ஓடினால், வேறு கருவிக்கு மாறலாம். சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அது மேல். நிறத்துக்காகவும் வாசனைக்காகவும் மாறுவது மருந்து அல்ல. அது மோகம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம்?

இங்கிலாந்தில் 886 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2019-ம் ஆண்டில் வெளிவந்தது. எல்லோரும் சிகரெட்டை விட விரும்பியவர்கள். ஒரு பகுதியினருக்கு மின் சிகரெட் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிகோட்டின் பசை, ஒட்டும் பட்டை போன்றவற்றைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அறிவுரையும் சொல்லி வந்தார்கள்.

ஓர் ஆண்டு கழிந்தது. மின் சிகரெட் பெற்றவர்களில் 100-க்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்றவர்களில் 100-க்குச் சுமார் 10 பேர் விட்டிருந்தார்கள்.

மின் சிகரெட்டுக்கு வெற்றிதான். மறுக்கவில்லை. ஆனால், கதை அதோடு முடியவில்லை. மின் சிகரெட்டின் துணையால் சிகரெட்டை விட்டவர்களில் 100-க்கு 80 பேர் ஓர் ஆண்டு முடிவில் மின் சிகரெட்டை விடவில்லை. பசையும் பட்டையும் கொண்டு விட்டவர்களில் 100-க்கு 9 பேர்தான் அவற்றை இன்னும் உபயோகித்து வந்தார்கள்.

ஆற்றைக் கடக்க ஓடம் வேண்டும். அக்கரை சேர்ந்த பிறகும் ஓடத்தைத் தலையில் சுமந்துகொண்டு போகிறவரை என்ன சொல்வது?

அமெரிக்கா கண்ட பாடம்

சிகரெட் பிடிக்கிற பெரியவர்களோடு இது நின்றால் பரவாயில்லை. நிற்கவில்லை.

அமெரிக்காவில் 2015-ம் ஆண்டில் "ஜூல்" என்ற கருவி வந்தது. சின்னது. பள்ளிக்கூடப் பையில் இருப்பது தெரியாது. நிகோட்டின் அதிகம். பழ வாசனையும் உண்டு. 2019-ம் ஆண்டில் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 100-க்கு 27 பேருக்கு மேல் மின் சிகரெட் இழுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள். முதல் கருவியே அவர்களுக்கு முதல் போதை.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. கட்டுப்பாடு வந்தது. 2024-ம் ஆண்டில் அது 100-க்கு 8 பேர் அளவுக்குக் குறைந்தது. கட்டுப்பாடு பயன் தரும் என்பதற்கு இது சாட்சி.

அதே 2019-ம் ஆண்டில் மற்றொரு கொடுமையும் நடந்தது. மின் சிகரெட் இழுத்தவர்கள் மூச்சு விட முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்துபோனார்கள். காரணம் என்ன? பெரும்பாலோர், கள்ளத்தனமாக விற்ற கஞ்சாச் சத்துத் திரவத்தை இழுத்தவர்கள். அதில் வைட்டமின்-ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலந்திருந்தார்கள். அது நுரையீரலைக் கெடுத்துவிட்டது.

கள்ளச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது. வாங்குகிறவனுக்கும் தெரியாது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றச் சட்டமே ஆகிவிட்டது. மின் சிகரெட்டைச் செய்யக் கூடாது. வெளிநாட்டில் இருந்து கொண்டு வரக் கூடாது. விற்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது.

முதல் தடவை பிடிபட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சரக்கைச் சேர்த்து வைத்திருந்தாலும் தண்டனை உண்டு.

சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமை. அங்கே 2018 முதல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைச் சிலர் மின் சிகரெட்டில் கலந்து விற்றார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் அந்த மருந்து அங்கே போதைப் பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

"இது என்ன நியாயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. "பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தொங்குகின்றன. கேடு குறைவானதைத் தடுத்துவிட்டு, கேடு மிகுந்ததை விற்க விடலாமா?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு.

நம்முடைய கருத்து இது: வீட்டுக்குள் ஒரு பாம்பு நுழைந்துவிட்டது. அதை அடிக்க முடியவில்லை. அதற்காக மற்றொரு பாம்புக்குக் கதவைத் திறந்துவிடலாமா? கூடாது. ஆனால், கதவைச் சாத்தியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் பாம்பை அடிக்க வேண்டும்.

2016-17-ம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் பெரியவர்களில் 100-க்குச் சுமார் 29 பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலையை உபயோகித்தார்கள். இவர்களுக்குத் துணை வேண்டும். "விட்டுவிடு" என்று சொன்னால் மட்டும் போதாது. விடும் வழியைக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் புகையிலையை விடுகிறவர்களுக்குத் தனி இடமும், இலவச மருந்தும் இருக்க வேண்டும்.

இன்று என்ன செய்வது?

வழி இல்லாமல் இல்லை. 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. புகையிலையை விட வழி சொல்லுவார்கள். புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே இந்த எண் அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

மருந்துக் கடையில் நிகோட்டின் பசை கிடைக்கும். அதை மிட்டாய் போல வேகமாக மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

விட்டால் பலன் உடனே தெரியும். 12 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உள்ள நச்சு வாயு இறங்கிவிடும். ஓர் ஆண்டில், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைந்துவிடும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பையில் பேனா போன்ற புதுப் பொருளைக் கண்டால் உடனே அடிக்க வேண்டாம். அடித்தால் ஒளிப்பான். அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள். யார் கொடுத்தார்கள், எங்கே வாங்கினான் என்று தெரிந்துகொள்ளுங்கள். விற்றவன்தான் குற்றவாளி. பிள்ளை அகப்பட்டுக்கொண்டவன்.

அப்பாமார்களுக்கு அதைவிடச் சின்ன வார்த்தை. வாயில் பீடியை வைத்துக்கொண்டு, "வேப் இழுக்காதே" என்று மகனுக்குச் சொன்னால் மகன் கேட்கமாட்டான்.

முதலில் எதை வாங்குவது என்று கேட்கிறவர், இந்தப் பழக்கமே இல்லாதவராக இருந்தால், எதையும் வாங்க வேண்டாம். எப்போது மாறுவது என்று கேட்கிறவர் இன்றைக்கே மாறட்டும். ஆனால், இறங்கு படியில் கால் வைக்கட்டும்.