மறைத்து உலர்த்திய துணி



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டவுடன் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். மாதவிலக்கு நாள்களில் எதைப் பயன்படுத்துவது, அதை எவ்வாறு தூய்மையாகப் பேணுவது என்பதே அப்பொருள். குடும்பத்தார் அனைவரும் படிக்கும் இதழில் இது வேண்டுமா எனின், குடும்பத்தில் பாதிப்பேருக்கு மாதந்தோறும் நேர்வது குடும்ப இதழுக்கு அயலாகாது என்பதே நம் விடை. தந்தையரும் படிக்கட்டும். மாதச் செலவில் இதற்கும் பணம் ஒதுக்க வேண்டியவர்கள் அவர்களும்தாமே.

நாம் பூப்பெய்திய காலத்தில் வீட்டில் இருந்தது பழந்துணி ஒன்றுதான். அம்மாவின் நைந்த நூல் சேலையைக் கிழித்து, மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்போம். அத்துணியைக் குறைகூறுவதற்கில்லை. நூல் துணி ஈரத்தை நன்கு உறிஞ்சும், உடம்பை உறுத்தாது, செலவும் இல்லை. கேடெல்லாம் அதை உலர்த்திய இடத்திலிருந்து வந்தது. ஆண்கள் கண்ணில் படலாகாது என்று விறகு அடுக்குக்குப் பின்னாலும், கொடியில் பாவாடைக்கு அடியிலும் ஒளித்துக் காயவைப்பதே அக்கால வழக்கம். கார்த்திகை மழையில் மூன்று நாளாயினும் அது காயாது. அரை ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்ததில் தொடையிடுக்கில் அரிப்பும் புண்ணும் கண்டன. அதை யாரிடம் சொல்வது? தேங்காயெண்ணெய் தடவிப் பொறுத்துக்கொண்டோம்.

பட்டணத்து விடுதியில் சேர்ந்த பின்னரே கடையில் விற்கும் நாப்கினைக் கண்டோம். ஒட்டும் பசை அதில் இல்லை. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, நாப்கினின் இரு முனைகளையும் அதில் மாட்டவேண்டும். சற்று வேகமாக நடந்தால் இடம் பெயர்ந்துவிடும். மருந்துக்கடைக்காரரோ அதைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, திருட்டுப் பொருளைக் கைமாற்றுவதுபோல் நீட்டுவார். இன்று செய்தித்தாளின் இடத்தில் கறுப்புப் பை வந்திருக்கிறது. மற்றபடி அந்தக் கடைக்காட்சியில் பெரிய மாற்றம் காணோம்.

இந்த நாப்கின் பிறந்த கதையும் சுவையானது. முதல் உலகப்போரின்போது காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட ஒருவகைப் பஞ்சை அமெரிக்கர் பயன்படுத்தினர். போர்முனையில் பணியாற்றிய செவிலியர் அதையே தங்கள் மாதவிலக்குக்கும் எடுத்துக்கொண்டனர். போர் முடிந்தபின், 1920-இல், அப்பொருள் நாப்கினாகக் கடைக்கு வந்தது. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் தம் மனைவி கந்தைத்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு மனம்நொந்து, மலிவான நாப்கின் செய்ய முயன்றபோது அவரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்ததும் இந்த மரக்கூழ்தான். பருத்திப் பஞ்சைக் கொண்டு செய்து செய்து தோற்றவர், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழ் என்பதைப் பின்னரே அறிந்தார். மகளிர் குழுக்கள் இயக்கக்கூடிய சிறு பொறிகளை அவர் உருவாக்கினார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழக அரசு 2012-இல் ‘புதுயுகம்’ என்னும் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்ப் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின்களை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2017-இல் நாப்கின்மீது விதிக்கப்பட்ட 12 விழுக்காடு சரக்கு, சேவை வரி மறு ஆண்டே நீக்கப்பட்டது. எனினும் 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் துணியையும் பயன்படுத்துகின்றனர். ஆகவே துணியைப் பற்றி முதலில் கூறுவோம்.

துணி கட்டுவோர் வெட்கப்பட வேண்டியதில்லை. நூல் துணியாக இருக்கட்டும். நைலான் கலந்தது வேண்டாம். முதலில் தண்ணீரில் அலசி, பின் சவுக்காரமிட்டுத் துவையுங்கள். வெந்நீரை முதலில் ஊற்றினால் கறை படிந்துவிடும். நல்ல வெயிலில், வெட்டவெளியில், முழுதும் காயட்டும். மற்றத் துணிகளோடு கொடியில் அதுவும் தொங்கினால் எந்த மானம் போய்விடும்? கடைநாப்கினாயின் உதிரம் குறைவாயிருப்பினும் நான்கிலிருந்து ஆறு மணிக்கொருமுறை மாற்றவேண்டும். மணமூட்டிய வகை வேண்டவே வேண்டாம். அந்த வாசனைப்பொருளே பலருக்குத் தடிப்பை உண்டாக்குகிறது.

உள்ளே வைக்கும் பஞ்சுச்சுருள், அதாவது டாம்பான், நம் இல்லங்களில் அரிது. பயன்படுத்துவோர் எட்டு மணி நேரத்துக்குமேல் அதை விட்டுவைக்கலாகாது. 1980-இல் அமெரிக்காவில், அளவுமீறி உறிஞ்சும் டாம்பான்களை வைத்திருந்த பெண்கள் சிலர் நச்சு அதிர்ச்சி நோயால் உயிரிழந்தனர்.

இன்று பேசப்படுவது சிலிக்கோன் கிண்ணம். கப் என்கிறார்கள். இது புதிதன்று; 1937-இலேயே அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்பவர் இத்தகைய கிண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஏற்ற அளவினதாயின் பன்னிரண்டு மணிநேரம்வரை வைத்திருக்கலாம்; நீரில் கொதிக்கவைத்துத் தூய்மை செய்து பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் குடும்பத்தில் 2019-இல் வெளியான ஆய்வொன்று, 43 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, கிண்ணம் பாதுகாப்பானது, கசிவும் மற்றவற்றைவிட மிகுதியில்லை என்று கூறியது. ஆனால் பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முதல் மாதத்திலேயே தூக்கியெறிந்துவிடாதீர்கள். கருத்தடைச் சாதனம் பொருத்தியிருப்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். மணமாகாத பெண்ணுக்கு ஆகுமா என அன்னையர் அஞ்சுகின்றனர். அந்த மெல்லிய சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாய் இருப்பதால் அதைக் கொண்டு கன்னிமையை அளக்க இயலாதென மருத்துவர் கூறுவர். எனினும் விரும்பாத பெண்ணை வற்புறுத்த வேண்டாம். உடம்பு அவளுடையது.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி என்னும் சிற்றூரில் இக்கிண்ணங்களை ஆயிரக்கணக்கில் வழங்கி, 2022 சனவரியில் நாப்கின் இல்லா ஊராக அதை அறிவித்தனர். காரணம் குப்பை. ஒருத்திக்கு மாதம் இருபது என்றால் ஆண்டுக்கு 240. மூன்று பெண்கள் உள்ள வீட்டில் 720. நெகிழி கலந்த அவை மக்குவதில்லை. கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும். திறந்த வெளியில் கொளுத்தினால் நச்சுப்புகை. தாளில் நன்கு பொதிந்து, தனியே குறியிட்டுத் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். அவரும் வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் மனிதர் அன்றோ?

தீட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்நாள்களில் கோயிலுக்கு வரலாமா, நற்கருணை உட்கொள்ளலாமா என்று இன்றும் தயங்கும் பாட்டிமார் உண்டு, பேத்திகளையும் தடுக்கின்றனர். இங்கிலாந்துக்கு மறைபரப்பச் சென்ற அகுஸ்தினார் இதே ஐயத்தை எழுப்பியதற்கு, புனித பெரிய கிரகோரியார் தடுக்கலாகாது என்று விடை எழுதியதாகப் புனித பீடின் வரலாற்று நூலில் காண்கிறோம். பன்னிரண்டாண்டு உதிரப்பெருக்கால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டதையே அவர் சான்றாகக் காட்டினார். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் தீர்ந்த ஐயம் இது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மணி, இரண்டு மணிக்குள் நாப்கின் நனைந்து போகுமானால், ஏழு நாளுக்குமேல் நீடிக்குமானால், பெரிய கட்டிகளாய் வருமானால், பெண்களுக்கு இது வழக்கந்தான் என்று விட்டுவிடலாகாது. முன்கூறிய கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள நம் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. சமையலறைக் காலண்டரில் வந்த நாளையும் நின்ற நாளையும் பென்சிலால் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.